கிளைடருக்கு மிக்ஸ் அமைக்கப் போய் நான் இழந்ததும் கற்றதும்

சென்ற ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாகூருக்கு அருகே தரிசாகக் கிடந்த ஒரு நெல் வயலின் வரப்பில், இரண்டாக முறிந்த என் ரிமோட் கிளைடரின் உடலை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் எழாமல் உட்கார்ந்திருந்தேன். எட்டு மாதச் சேமிப்பில் வாங்கியது அது. அன்று காற்று நன்றாக இருந்தது, பாட்டரி முழுச் சார்ஜில் இருந்தது, இறக்கை, வால் மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்களான சர்வோக்கள் ஆறும் நான் சொன்னதைச் சொன்னபடி செய்தன. முதல் நாள் இரவு பதினொன்றரை மணிக்கு கையில் பிடித்து ஓட்டும் டிரான்ஸ்மிட்டரில் நான் சேர்த்த இரண்டே இரண்டு வரிகள்தான் அதைத் தரையில் மோத வைத்தன. கடலூரிலோ புதுச்சேரியிலோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர எனக்கு ஒருவரும் அமையவில்லை. தமிழில் தேடினால் டிரோன் பற்றி வந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டுக் காற்றின் ஏற்றத்தில் பறக்கும் கிளைடர் பற்றியோ, அதற்கு டிரான்ஸ்மிட்டரில் மிக்ஸ் (எந்த ஸ்டிக் எந்தச் சர்வோவை எவ்வளவு அசைக்க வேண்டும் என்கிற கணக்கு) எழுதுவது பற்றியோ ஒன்றும் என் கண்ணில் படவில்லை. பணம், நேரம், கையில் ஐந்து தையல் என்று நான் கொடுத்த விலையை இன்னொருவர் கொடுக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

திருப்பாதிரிப்புலியூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். கம்பியும் சுருளும் இருபது வருடப் பழக்கம். கிளைடர் ஆசை வந்தது கேப்பர் மலைப் பக்கம் ஒரு முந்திரித் தோப்புக்கு பம்பு மோட்டார் மாட்டப் போன மதியத்தில். இரண்டு பருந்துகள் இறகையே அசைக்காமல் வட்டம் போட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளியாகிவிட்டன. அடுத்த மாதமே ஒரு ஃபோம் கிளைடர் வாங்கினேன். அதில் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் ரடர், மேலும் கீழும் ஆட்டும் எலிவேட்டர், மோட்டார் என மூன்றே சேனல்கள், அதாவது மூன்றே கட்டளை வழிகள். ஒரு ஸ்டிக்கை அசைத்தால் ஒரு சர்வோ அசையும், அவ்வளவுதான். இரண்டு வருடம் அதை ஓட்டினேன். காற்றைப் படிக்க அது போதும், தொடங்குகிறவர்கள் அதைத் தாண்டி அவசரப்பட வேண்டாம். நான் அவசரப்பட்டேன். வெளிமாநிலத்தில் ஒருவர் விற்ற பழைய கார்பன் கிளைடர் ஒன்றை 42,000 ரூபாய்க்கு வாங்கினேன். இறக்கை நீளம் 2.6 மீட்டர், வால் ஆங்கில வி எழுத்தின் வடிவம், இறக்கையின் பின்விளிம்பில் வெளிப்பக்கம் கிளைடரைச் சாய்க்கும் இரண்டு எய்லரான் மடல்கள், உள்பக்கம் இரண்டு பிளாப் மடல்கள், வாலில் இரண்டு சர்வோ, மூக்கில் மடங்கும் புரொப்பெல்லர். கூடவே 15,500 ரூபாயில் எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருள் உள்ள ஒரு டிரான்ஸ்மிட்டர்.

இந்த வகைக் கிளைடரில் மிக்ஸ் இல்லாமல் எதுவும் நடக்காது. வி வடிவ வாலில் தனி எலிவேட்டரும் இல்லை, தனி ரடரும் இல்லை. இரண்டு பாதிகளும் சேர்ந்து மேலே போனால் மூக்கு எழும், சேர்ந்து கீழே போனால் மூக்கு தாழும். ஒன்று மேலும் ஒன்று கீழுமாகப் போனால் மூக்கு பக்கவாட்டில் திரும்பும். ஆக, ஒரு ஸ்டிக் இரண்டு சர்வோவுக்கும், ஒரு சர்வோ இரண்டு ஸ்டிக்குக்கும் கட்டுப்பட வேண்டும். இறங்குவதற்கோ இன்னும் பெரிய கூட்டணி வேண்டும். வழவழப்பான கார்பன் கிளைடர் ஒரு மீட்டர் உயரத்தை இழப்பதற்குள் பதினைந்து, இருபது மீட்டர் ஓடிவிடும். வயலின் கடைசியில் வரிசையாகப் பனைமரங்கள் நின்றால் அதை எப்படி நிறுத்துவது? அதற்குத்தான் குரோ என்கிற அமைப்பு. பிளாப் இரண்டும் நன்றாகக் கீழே இறங்கும், எய்லரான் இரண்டும் சற்று மேலே எழும், வேகம் செத்துவிடும். ஆனால் பிளாப் இறங்கினால் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். அதை அடக்க, அதே நேரத்தில் எலிவேட்டர் சிறிது கீழே போக வேண்டும். இதை ஈடு என்று வைத்துக்கொள்வோம். என் கதை முழுவதும் இந்த ஈட்டைச் சுற்றித்தான்.

எட்ஜ்டிஎக்ஸ் 2021-இல் ஓப்பன்டிஎக்ஸ் என்கிற முந்தைய மென்பொருளிலிருந்து பிரிந்து வந்த திறந்த மூல மென்பொருள். இலவசம், எதையும் எதனோடும் இணைக்கலாம். அதன் பலமும் ஆபத்தும் அதுதான். நாம் எழுதியது தவறா சரியா என்று அது கேட்காது. மூன்று பக்கங்கள் முக்கியமானவை. இன்புட்ஸ் பக்கத்தில் நம் கை ஸ்டிக்கை எவ்வளவு நகர்த்தினால் எவ்வளவு கணக்கு என்று வைக்கிறோம். மிக்சஸ் பக்கத்தில் எந்தச் சேனலுக்கு எதிலிருந்து எத்தனை சதவீதம் போக வேண்டும் என்று வரி வரியாக எழுதுகிறோம். அவுட்புட்ஸ் பக்கத்தில் சர்வோ எந்தத் திசையில் சுற்ற வேண்டும், எங்கே நிற்க வேண்டும், நடுநிலை எங்கே என்று முடிவு செய்கிறோம். எந்த வேலை எந்தப் பக்கத்துக்கு உரியது என்று முதலில் தெரிந்துகொண்டிருந்தால் இந்தக் கட்டுரையில் முக்கால் பங்கு எழுத வேண்டி வந்திருக்காது.

முதல் அடி கையில் விழுந்தது. பிப்ரவரியில், வீட்டுக் கூடத்தில். மோட்டாரையும் குரோவையும் ஒரே இடது ஸ்டிக்கில் வைத்திருந்தேன். பலர் அப்படி வைப்பதைக் காணொளிகளில் பார்த்திருந்தேன். ஒரு சுவிட்ச் ஒரு பக்கம் இருந்தால் ஸ்டிக் மோட்டாரை ஓட்டும், மறுபக்கம் தள்ளினால் அதே ஸ்டிக் குரோவை இயக்கும். மோட்டார் நிலையில் ஸ்டிக் கீழே இருந்தால் மோட்டார் நிற்கும், மேலே போனால் முழு வேகம். குரோ நிலையில் ஸ்டிக் மேலே இருந்தால் பிளாப் மூடியிருக்கும், கீழே இழுத்தால் இறங்கும். இந்த இரண்டு வாக்கியங்களையும் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். கிளைடரின் மூக்கை இடது கையால் பிடித்தபடி தொடையில் சாய்த்து, குரோவைச் சோதித்தேன். சோதித்து முடித்ததும் பிளாப்பை மூட ஸ்டிக்கை மேலே தள்ளினேன். பிறகு சுவிட்சைப் பழைய நிலைக்குத் திருப்பினேன். அந்த நொடியில் மோட்டார் முழு வேகத்தில் எழுந்தது. மடிந்து உடலோடு ஒட்டிக் கிடந்த பதினோரு அங்குல புரொப்பெல்லர் விரிந்து என் இடது கையில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வெட்டியது. வலி வருவதற்கு முன் சுவரில் ரத்தம் கோடு போட்டிருப்பதைத்தான் பார்த்தேன். என் மனைவி துண்டால் கையைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றினாள். மருத்துவமனை போய்ச் சேரும் வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. தையல் போட்டு முடித்த பிறகு, "பாப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்?" என்று மட்டும் கேட்டாள். அவள் கேட்டது சரி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. பத்து நாள் காயில் கட்ட முடியவில்லை.

அதனால் எல்லாவற்றுக்கும் முதலில் இதைச் சொல்கிறேன். மிக்ஸ் எழுதும் காலம் முழுவதும் புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். ஒரு ஸ்குரூ, ஒரு நிமிட வேலை. மோட்டாருக்கும் குரோவுக்கும் ஒரே ஸ்டிக் வேண்டாம். எனக்கு இப்போது மோட்டார் ஒரு மூன்று நிலை சுவிட்சில் இருக்கிறது, ஸ்டிக் குரோவுக்கு மட்டும். அதோடு தனியாக ஒரு பூட்டுச் சுவிட்ச். மோட்டார் சேனலில் கடைசி வரியாக, பூட்டு போட்டிருக்கும்போது −100 (மோட்டார் நிற்கும் மதிப்பு) என்று ரீப்ளேஸ் வகையில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். மிக்சர் வரிகளை மேலிருந்து கீழாகத்தான் கணக்கிடும். ரீப்ளேஸ் என்பது தனக்கு மேலே உள்ள வரிகளை மட்டுமே அழிக்கும். அதை முதல் வரியாக எழுதினால் பூட்டு போட்டிருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம், கீழே உள்ள வரிகள் மோட்டாரை ஓட்டிக்கொண்டிருக்கும். டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்யும்போது பூட்டுச் சுவிட்ச் சரியான நிலையில் இல்லாவிட்டால் எச்சரிக்கும்படியும் அமைக்கலாம். அந்த எச்சரிக்கை தொந்தரவு என்று யாரும் அணைக்காதீர்கள்.

கை ஆறிய பிறகு பிளாப்பில் இறங்கினேன். அங்கே உயிருக்குச் சேதமில்லை, ஒரு சர்வோ போயிற்று. பிளாப் மேலே ஐந்து டிகிரி போனால் போதும், கீழே எழுபது எண்பது டிகிரி போக வேண்டும். சர்வோவோ நடுவிலிருந்து இரு பக்கமும் சமமாகச் சுற்றுவது. பிளாப் இறக்கையோடு சமமாக இருக்கும் நிலையைச் சர்வோவின் நடுநிலையில் வைத்தால், கீழே போவதற்குப் பாதிச் சுழற்சிதான் மிஞ்சும். நான் அப்படி வைத்துவிட்டு, போதவில்லை என்று சதவீதத்தை ஏற்றிக்கொண்டே போனேன். இடது பிளாப் கம்பி ஒரு கட்டத்தில் எங்கோ முட்டியது. சர்வோ உறுமியது. ஏதோ சத்தம் என்று நினைத்து வலது பிளாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடத்தில் எரிந்த வார்னிஷ் வாசனை வந்தது. காயில் கட்டுகிறவனுக்கு அந்த வாசனையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1,900 ரூபாய்.

செய்ய வேண்டியது என்னவென்றால், சர்வோ நடுநிலையில் இருக்கும்போது பிளாப் ஏறக்குறைய முப்பது டிகிரி கீழே தொங்கும்படி சர்வோவின் கையைப் பல் மாற்றி மாட்ட வேண்டும். பிறகு மிக்சஸ் பக்கத்தில் நிலையான ஒரு மதிப்பைக் கொடுத்து அதை மேலே இழுத்துச் சமநிலைக்குக் கொண்டுவர வேண்டும். அவுட்புட்ஸ் பக்கத்தில் நடுநிலையை நகர்த்தும் சப்டிரிம்மைக் கொண்டு இதைச் செய்யப் பார்க்காதீர்கள். சப்டிரிம் சிறு பிசிறைச் சரிசெய்வதற்கானது. அதை எல்லை வரை தள்ளினால் இரு பக்கச் சுழற்சியும் கோணலாகிவிடும், இடது பிளாப்பும் வலது பிளாப்பும் தொடக்கத்திலும் முடிவிலும் சமமாக இருந்து நடுவில் வெவ்வேறாக நிற்கும். கிளைடர் அந்த நடுப்பகுதியில்தான் உருளும். எந்த மிக்ஸையும் எழுதுவதற்கு முன்னால் அவுட்புட்ஸ் பக்கத்தில் ஒவ்வொரு சர்வோவுக்கும் மேல் எல்லை, கீழ் எல்லை வைத்துவிட வேண்டும். கம்பி முட்டும் இடத்துக்குச் சிறிது முன்பே நிற்கட்டும். அதன் பின் மிக்சில் எந்த எண்ணைத் தவறாக எழுதினாலும் சர்வோ எரியாது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. வாலை நான் அமைத்த விதத்தில்தான் வினை இருந்தது. முந்தைய உரிமையாளர் வால் சர்வோக்கள் இரண்டையும் ஒன்றுக்கொன்று கண்ணாடியில் தெரிவதைப் போல எதிரெதிராக மாட்டியிருந்தார். அது தவறில்லை, இடம் இருப்பதற்கேற்ப எல்லோரும் செய்வதுதான். நான் எலிவேட்டர் ஸ்டிக்கை இழுத்தேன், இடப்பாதி மேலே போனது, வலப்பாதி கீழே போனது. சரி, வலப்பக்க வரியில் குறியை மாற்றுவோம் என்று மிக்சஸ் பக்கத்திலேயே மாற்றினேன். இடது சேனலில் எலிவேட்டர் +60, ரடர் −45. வலது சேனலில் எலிவேட்டர் −60, ரடர் −45. ஸ்டிக்கை இழுத்தால் இரண்டும் மேலே, தள்ளினால் இரண்டும் கீழே, ரடர் கொடுத்தால் எதிரெதிர். கச்சிதமாக வேலை செய்தது. குரோ இல்லாமல் ஆறு முறை பறக்கவிட்டேன், ஒரு குறையும் இல்லை. வேலை செய்ததுதான் வினையாயிற்று. சர்வோ எதிர்த்திசையில் மாட்டப்பட்டிருக்கிறது என்கிற செய்தி அவுட்புட்ஸ் பக்கத்தில் பதிவாகாமல், மிக்ஸ் வரியின் ஒரு கழித்தல் குறிக்குள் ஒளிந்துகொண்டது. அதன் பிறகு அந்தச் சேனலில் சேர்க்கும் ஒவ்வொரு புது வரிக்கும் அதை நினைவில் வைத்துக் குறியைத் திருப்பி எழுத வேண்டும்.

சனிக்கிழமை இரவு பட்டறையை மூடிவிட்டு வந்து சாப்பிட்டு, எல்லோரும் தூங்கிய பிறகு ஈட்டு வரிகளைச் சேர்த்தேன். இரண்டு வால் சேனல்களிலும் குரோவிலிருந்து +12. கீழே போக வேண்டும், அதனால் கூட்டல் குறி, இரண்டுக்கும் ஒரே மாதிரி, அழகாக இருந்தது. கிளைடர் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. நான் அதன் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஸ்டிக்கை இழுத்தேன். பிளாப்புகள் இறங்கின, எய்லரான்கள் எழுந்தன, வாலின் இடப்பாதி நகக்கண் அளவு கீழே போனது. வலப்பாதி எனக்கு மறுபக்கம், சுவரோரம், விளக்கின் நிழலில் இருந்தது. எழுந்து நின்று பார்க்கவில்லை. எதிர்பார்த்ததை ஒரு பக்கத்தில் பார்த்துவிட்டதால் மறுபக்கமும் அப்படியே என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் அந்த +12 வலப்பாதியை அதே நகக்கண் அளவு மேலே தூக்கியது.

பாகூரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி, இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி உயரம்தான் பச்சை மண்டலம், அதாவது முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பகுதி. அதற்கும் அப்பால், சிவப்பு, மஞ்சள் எனக் குறிக்கப்படாத இடங்களில் 400 அடி. புதுச்சேரியின் லாசுப்பேட்டை விமான நிலையத்திலிருந்து பாகூர் நல்ல தொலைவு. போகும் முன் இந்த மண்டலங்களின் வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிடுவேன். வயல்காரப் பெரியவரிடம் அனுமதி கேட்டுத்தான் இறங்குவேன். அன்று பத்தரை மணிக்கு மேற்கிலிருந்து இலேசான காற்று, வயல் நன்றாகச் சூடேறியிருந்தது. இரண்டு கரும்பருந்துகளோடு இருபது நிமிடம் சுற்றினேன். அந்த இருபது நிமிடம் என் வாழ்நாளில் மிக நல்ல இருபது நிமிடம் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பதினொன்றைத் தாண்டியதும் கடற்காற்று வந்தது. நம் கரைக்கே உரிய வழக்கம் அது. கோடையில் முற்பகல் முழுவதும் மேற்கிலிருந்து அடித்துவிட்டு, சட்டென்று தென்கிழக்காக மாறும். இறங்கும் திசையையும் மாற்ற வேண்டும். கிழக்கு நோக்கித் திரும்பி, பனைமரங்களைத் தாண்டி, பத்து மீட்டர் உயரத்தில் இறக்கையைச் சமமாக வைத்து, முதன்முறையாகக் குரோவை முழுதாக இழுத்தேன்.

மூக்கு வானத்தை நோக்கி எழுந்தது. எழுந்தபடியே இடப்பக்கம் திரும்பியது. ஈடு கொடுக்க வேண்டிய வால் ரடராக வேலை செய்துகொண்டிருந்தது. வேகம் முற்றிலும் இல்லை. எதிர்க்காற்றில் ஒரு கணம் அசையாமல் நின்றதைப் போலத் தெரிந்தது, பிறகு இடது இறக்கை தொங்கி, நுனி தரையைக் குத்தியது. உடல் பிளாப்புக்குப் பின்னால் முறிந்தது. ஸ்டிக்கை உடனே மேலே தள்ளியிருந்தால் பிழைத்திருக்குமா என்று பல இரவு யோசித்தேன். பத்து மீட்டரில் அதற்கு நேரம் இல்லை. நூறு மீட்டரில் நேரம் இருந்திருக்கும். புதிதாக எழுதிய எந்த மிக்ஸையும் முதன்முறை உயரத்தில்தான் சோதிக்க வேண்டும், இறங்கும்போது சோதிக்கக் கூடாது என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. பெரியவர் நடந்து வந்து, சிதறிய துண்டுகளைத் தன் துண்டில் பொறுக்கிக் கொடுத்தார். "போன வாரம் நன்றாகத்தானே பறந்தது தம்பி, இந்த வாரம் என்ன மாற்றினீர்கள்?" என்று கேட்டார். மோட்டாரோடு வருகிறவர்களிடம் நான் பட்டறையில் கேட்கும் முதல் கேள்வி அதுதான். வரப்பிலேயே கிளைடருக்குள் இருக்கும் ரிசீவருக்குப் பாட்டரியை மாட்டி, ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். முறிந்த உடலின் பின்முனையில் வால் இன்னும் இருந்தது. இடப்பாதி கீழே, வலப்பாதி மேலே. பார்த்ததும் நெஞ்சு அடைத்துக்கொண்டது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கார்பன் துணியும் எப்பாக்சியும் 3,400. மோதியதில் பல் உடைந்த இரண்டு இறக்கை சர்வோக்கள் 3,800. முன்பே எரிந்த சர்வோ 1,900. புரொப்பெல்லரும் ஸ்பின்னரும் 1,350. மருத்துவச் செலவு 2,200. பத்து நாள் பட்டறை வருமானம் குறைந்தபட்சம் 9,000. மொத்தம் 21,650 ரூபாய், பறக்காத மூன்றரை மாதம் தனி. இதில் ஒரு ரூபாயும் பொருளின் குறையால் போனதில்லை.

ஒட்டுப்போட்டு முடித்ததும் பழைய அமைப்பை முழுவதும் அழித்துவிட்டு, டிரான்ஸ்மிட்டரில் மாடல் எனப்படும் அமைப்புக் கோப்பை வெறுமையாக வைத்துத் தொடங்கினேன். இந்த முறை ஒரே ஒரு உடன்பாடு வைத்துக்கொண்டேன்: எந்தச் சேனலாக இருந்தாலும் கூட்டல் என்றால் பரப்பின் பின்விளிம்பு கீழே போக வேண்டும், கழித்தல் என்றால் மேலே. ஸ்டிக் எதையும் இணைக்காமல், டிரான்ஸ்மிட்டரில் உள்ள திருகும் குமிழ் ஒன்றை மட்டும் ஒவ்வொரு சேனலுக்கும் தற்காலிக வரியாகக் கொடுத்தேன். குமிழைக் கூட்டல் பக்கம் திருப்பினால் எது மேலே போகிறதோ, அந்தச் சேனலை அவுட்புட்ஸ் பக்கத்தில் திசை மாற்றினேன். மிக்சஸ் பக்கத்தைத் தொடவில்லை. ஆறு பரப்புகளும் ஒரே குமிழுக்கு ஒன்றாகக் கீழே இறங்கி ஒன்றாக மேலே ஏறிய பிறகுதான் எல்லைகளை வைத்தேன், அடிக்கோலை நிறுத்திப் பிளாப் இரண்டையும் ஐந்து இடங்களில் அளந்து அவுட்புட் வளைவால் சமன் செய்தேன். அதன் பிறகே மிக்ஸ். இப்போது குரோவைத் திரையில் படித்தாலே கண்முன் தெரிகிறது: எய்லரான் இரண்டும் கழித்தல், பிளாப் இரண்டும் கூட்டல், வால் இரண்டும் கூட்டல். வலது வால் சர்வோ எப்படி மாட்டப்பட்டிருக்கிறது என்று மிக்சஸ் பக்கத்துக்குத் தெரிய வேண்டிய தேவையே இல்லை. எட்ஜ்டிஎக்ஸின் துணையான கம்பானியன் மென்பொருளில் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க முடியும், எண்கள் சரியா என்று அது காட்டும். சர்வோ எந்தப் பக்கம் சுற்றும்படி உட்கார்ந்திருக்கிறது என்பது அதற்கும் தெரியாது. ஆகவே சோதனை கிளைடரில்தான், கிளைடருக்குப் பின்னால் நின்று, வாலின் இரண்டு பாதிகளும் ஒரே பார்வையில் தெரியும்படி. என் மகள் இப்போது பத்து வயது. நான் ஸ்டிக்கை அசைப்பேன், அவள் பின்னால் நின்று "அப்பா, இரண்டும் கீழே" என்று சொல்ல வேண்டும். புரொப்பெல்லர் அப்போது மேசை டிராயரில் இருக்கும். அவள் சொல்லாமல் வண்டி வீட்டை விட்டுக் கிளம்பாது.

ஈடு எவ்வளவு வேண்டும் என்பதை எந்தக் காணொளியும் உங்கள் கிளைடருக்காகச் சொல்ல முடியாது. பிளாப் இறங்கும் முதல் கால்பங்கிலேயே மூக்கு பெரும்பாலும் தூக்கிவிடுகிறது, அதன் பின் இறங்குவது பெரும்பாலும் வேகத்தைத்தான் கொல்கிறது. எனவே ஒரே சதவீதத்தில் நேர்கோடாக ஈடு கொடுத்தால் தொடக்கத்தில் போதாது, கடைசியில் மிஞ்சும். ஐந்து புள்ளி வளைவு வேண்டும். நான் செய்தது: ஈட்டின் அளவை ஒரு குமிழுக்குக் கொடுத்தேன், அதன் மதிப்பை டிரான்ஸ்மிட்டர் குரலில் சொல்லும்படி அமைத்தேன். நூறு மீட்டர் உயரத்தில் குரோவைக் கால்பங்கு இழுத்து, மூக்கு எழவும் இல்லை தாழவும் இல்லை என்று வரும் வரை குமிழைத் திருப்பி, கேட்ட எண்ணை மனத்தில் வைத்தேன். பிறகு அரை, முக்கால், முழுது. நான்கு பறப்புகளில் கிடைத்தவை 8, 13, 16, 18. தொடக்கப் புள்ளி 0. இவை என் கிளைடரின் எண்கள், உங்களுடையவை வேறாக இருக்கும்.

இன்னொன்று, இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. குரோவில் வரும்போது எய்லரான் கொடுத்தால் கிளைடர் மந்தமாகத் திரும்பியது, ஒருமுறை திரும்பவே இல்லை. சாதாரணப் பறத்தலில் எய்லரான் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் போகும்படி டிஃபரென்ஷியல் வைத்திருப்போம், மூக்கு எதிர்ப்பக்கம் இழுபடாமல் இருக்க. குரோவிலோ எய்லரான்கள் ஏற்கெனவே மேலே நிற்கின்றன. இன்னும் மேலே போக இடமில்லை, கீழே போகவும் டிஃபரென்ஷியல் விடாது. குரோ இறங்க இறங்க டிஃபரென்ஷியல் குறைந்து மறையும்படி எழுதியதும் கைக்கு உடனே பதில் சொன்னது. ஃபெயில்சேஃபையும் அப்போதே அமைத்தேன்: தொடர்பு அறுந்தால் மோட்டார் நிற்க வேண்டும், குரோ பாதி இறங்க வேண்டும், இலேசாக ஒரு பக்கம் திரும்பிக்கொண்டே இறங்க வேண்டும். தரையில் டிரான்ஸ்மிட்டரை அணைத்து அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

ஒரு எண்ணை மாற்றுவதானாலும் முதலில் மாடலை நகல் எடுத்து, பெயரில் தேதி போட்டுக்கொள்கிறேன். இரவு ஒன்பதுக்கு மேல் டிரான்ஸ்மிட்டரைத் தொடுவதில்லை. ஒரு பறப்புக்கு ஒரே ஒரு மாற்றம்தான், அது பட்டறையில் இருக்கும் பழைய ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை அதே வயலில், அதே தென்கிழக்குக் காற்றில் இறக்கினேன். பனைமரத்தைத் தாண்டியதும் ஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க, கிளைடர் மூக்கைச் சமமாக வைத்துக்கொண்டு, ஒருவர் நடக்கும் வேகத்தில் வந்து என்னிடமிருந்து ஆறடி தள்ளி நெல் தாளின் மேல் உட்கார்ந்தது. பெரியவர் வரப்பிலிருந்து கையைத் தூக்கிக் காட்டினார். முழுக் குரோவில் மட்டும் மூக்கு இன்னும் இம்மியளவு எழுகிறது. கடைசிப் புள்ளியை 18-இலிருந்து 20 ஆக்கி, ரசீதுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். வரும் ஞாயிறு காற்று அமைந்தால் நூறு மீட்டரில் பார்க்க வேண்டும்.